அப்பாவுக்கு எத்தன நாள் லீவு?

வணக்கம் மக்களே, சவுண்ட் கம்மியா இருக்குன்னு ஹெட்போன கழட்டி மாட்டாதீங்க, நான்தான் மெதுவா பேசுறேன், பின்னாடி தூளில நம்மாளு தூங்குறாரு. ஒரு கையில போன், ஒரு கையில தூளிக் கயிறு, ஆட்டுறத நிறுத்துனா முழிச்சுக்குவான்.

சரி, லீவு கதைக்கு வருவோம். எங்க வீட்ல சிசேரியன். அப்போ எனக்கு மிச்சம் இருந்தது நாலு சிஎல். மூணாம் நாள் அவ கட்டில்ல இருந்து எந்திரிக்கவே ஒருத்தர் முதுக தாங்கிப் பிடிக்கணும், நான் வார்டு வராண்டாவுல பெஞ்ச்ல லேப்டாப்ப வச்சிக்கிட்டு மீட்டிங்ல "யெஸ் சார், யெஸ் சார்"னு இருக்கேன், பக்கத்துல கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கு. இன்னும் பத்து நாள் கேட்டேன், ஹெச்ஆர் கேக்குறாங்க, "ஏன், மாமியார் இல்லையா?" இருக்காங்க மேடம், அதுக்கு?

எதிர் பெட்ல ஒரு தம்பி, போஸ்டல்ல வேலை, நிதானமா பிள்ளைக்குத் துணி மாத்திட்டு இருந்தாரு. அவருக்கு 15 நாள், முழு சம்பளத்தோட. சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்டாஃப்புக்கு லீவு ரூல்ல 43-ஏ-ன்னு ஒண்ணு இருக்கு, உயிரோட இருக்குற குழந்தைங்க ரெண்டுக்குக் கம்மியா இருந்தா எடுக்கலாம், டெலிவரிக்கு 15 நாள் முன்னாடில இருந்து, பிறந்து ஆறு மாசத்துக்குள்ள. பொதுவா மறுக்கக் கூடாதுன்னே எழுதிருக்கு. ஆனா "அப்புறம் எடுத்துக்கலாம்"னு விட்டு ஆறு மாசம் தாண்டுச்சுன்னா போச்சு, சேர்த்து வைக்கல்லாம் முடியாது.

நானும் வீட்டுக்கு வந்து தேடு தேடுன்னு தேடுறேன், பிரைவேட்ல அப்பாவுக்குன்னு சட்டமே இல்லைங்க! 2017-ல பார்லிமென்ட்ல தனிநபர் மசோதா ஒண்ணு வந்துச்சு, அப்படியே நின்னுபோச்சு. அதனால நமக்கு சட்டம்னா அது கம்பெனி பாலிசிதான், அஞ்சாம் மாசமே அந்த பிடிஎஃப்ப திறந்து பாருங்க, வாயால கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க.

2023-ல மதுரை ஹைகோர்ட் கிளைல ஒரு கேஸ். மனைவி பிரசவத்துக்காக லீவுல போன போலீஸ் இன்ஸ்பெக்டர், டூட்டிக்குத் திரும்பலன்னு "ஓடிப்போனவர்"னு ஆர்டரே போட்டுட்டாங்க. கோர்ட் அத ரத்து பண்ணி, அப்பாங்களுக்கும் தனிச்சட்டம் வேணும்னு சொல்லுச்சு. போலீஸுக்கே அந்த நிலைமைன்னா நம்மள்லாம் யாரு.

அம்மாவுக்கு அப்படி இல்ல, அது கெட்டியான உரிமை. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா, முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட. அதுல அதிகபட்சம் 8 வாரம் டெலிவரிக்கு முன்னாடி எடுக்கலாம், எங்க வீட்டம்மா பிடிவாதமா கடைசி வாரம் வரைக்கும் போனதால அத்தனையும் இப்ப கையில இருக்கு. லீவுல இருக்கும்போது வேலைய விட்டுத் தூக்குனா அது சட்டவிரோதம், அத யாரும் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்க.

அப்புறம் 50 பேர் இருந்தா க்ரெஷ், அதான் பிள்ளைங்கள பாத்துக்குற காப்பகம், வச்சே ஆகணும், ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பிள்ளையப் பார்க்கலாம். இத அவகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ ஆபீஸ்ல வருஷக்கணக்கா 48 பேர்தானாம், ரெஜிஸ்டர்ல.