வீடியோ கால் கட் ஆனப்புறம் கையில என்ன இருக்கு?

நடுவர் அய்யாவுக்கும், எங்க அணித் தலைவர் அக்காவுக்கும், எதிர்ல உக்காந்திருக்குற தம்பிமாருக்கும், வெளிநாட்டுல வேல பாத்துட்டு பொங்கலுக்கு லீவு போட்டு வந்திருக்குற சபுராளி அண்ணன்மாருக்கும், அவங்களுக்காக வருஷம் பூரா காத்துக்கிட்டு இருந்துட்டு இன்னைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்குற அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காகத் தலைப்ப ஒரு தடவ சொல்லிடுறேன். கடல் தாண்டுன உறவக் கட்டிக் காப்பாத்துறது தெனமும் வர்ற வீடியோ காலா, கைக்கு வந்து சேர்ற சின்னச் சின்னப் பொருளா? நான் பொருள்தான்னு பேச வந்திருக்கேன். குடுத்த தலைப்புக்காகப் பேசல அய்யா, எங்க வீட்டுக்காரர் சார்ஜாவுல வெல்டரா இருக்காரு, நான் மன்னார்குடி பக்கத்துல மாமியாரோட இருக்கேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க குடும்பம் இப்படித்தான் ஓடுது, அதனால இது எனக்கு என் வீட்டு விஷயம்.

எனக்கு முன்னாடி பேசுன தம்பி நல்லாவே பேசுனாரு. அந்தக் காலத்துல ஏரோகிராம் லெட்டருக்கு வாரக்கணக்கா காத்துக் கெடந்தோம், இன்னைக்கு பட்டன அமுக்குனா மூஞ்சி தெரியுது, புருஷன் என்ன சாப்புடுறாருன்னு பொண்டாட்டி நேர்லயே பாத்துக்குறா, இதுக்கு மேல என்ன வேணும், சோப்பு சென்ட்டு தைலம் எல்லாம் இப்ப மன்னார்குடி கடைத்தெருவுலயே கெடைக்குது, அத எதுக்கு ஃப்ளைட்டுல சுமந்துக்கிட்டு வரணும்னு கேட்டாரு. கைத்தட்டலும் வாங்குனாரு. போன் வேண்டாம்னு நானும் சொல்ல வரல, போன் வந்தாத்தான் எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கும். ஆனா போன்ல என்ன தெரியுதுன்னு கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க தம்பி. அவங்க காட்டணும்னு நெனச்சதுதான் தெரியுது. மறைக்கணும்னு நெனச்சா கேமராவ அந்தப் பக்கம் திருப்பிட்டா முடிஞ்சுது.

போன லீவுக்கு அவர் வந்தப்ப துவைக்கப் போட்ட சட்டைப் பாக்கெட்ட நான் தடவிப் பாத்தேன், எல்லாப் பொம்பளைங்களும் செய்யுறதுதான. உள்ள ஒரு பில்லு, நாலா மடிச்சது, அங்க பக்காலான்னு சொல்லுவாங்க, தொழிலாளிங்க தங்குற கேம்ப் பக்கத்துல மலையாளிங்க வச்சிருக்குற சின்ன மளிகைக் கட, அந்தக் கட பில்லு. மை பாதி அழிஞ்சு போயிருக்கு. குபூஸ்னு அந்த ஊரு ரொட்டி ஒரு பாக்கெட்டு, தயிரு, தக்காளி, முட்ட, கடைசி வரியில பனடால், காய்ச்ச மாத்திர. தேதியப் பாத்தேன். அந்த வாரம் பூராவும் என்கிட்ட வீடியோ கால்ல சிரிச்சுக்கிட்டு நல்லாருக்கேன், நீ சாப்டியா, புள்ள சாப்டானானு கேட்ட மனுஷன் அங்க காய்ச்சலோட குபூஸ தயிர்ல தொட்டுத் தின்னுட்டு டூட்டிக்குப் போயிருக்காரு. போன் எனக்கு இத சொல்லல அய்யா, ஒரு துண்டுச் சீட்டு சொல்லிச்சு. அத நான் தூக்கிப் போடல. பீரோவுல புள்ளையோட ஆதார் கார்டு வச்சிருக்குற கவர்லயே வச்சிருக்கேன். அவர்கிட்டயும் சண்ட போடல, அதுக்கப்புறம் கால் வந்தா நல்லாருக்கீங்களான்னு மொட்டையா கேக்குறத விட்டுட்டேன், இன்னைக்கு ராத்திரி என்ன வாங்குனீங்கன்னு கேக்குறேன். அப்பத்தான் மனுஷன் உண்மைய சொல்றாரு.

அதே மாதிரி சட்டைக் கையி. முழங்கைக்குக் கீழ சின்னச் சின்னப் பொத்தலு, ஓரம் கருகி இருக்கும், வெல்டிங் பொறி பட்டது. எத்தன பொத்தல்னு ஒவ்வொரு லீவுக்கும் விரலவிட்டுப் பாப்பேன். வேல அதிகமா கொறவானு எந்த வீடியோ கால்லயும் அவர் என்கிட்ட சொன்னதில்ல, அந்தச் சட்ட சொல்லும்.

சரி, அந்த போன்தான் தெனமும் சுகமா வருதா? எதிரணி சொன்ன மாதிரி பட்டன அமுக்குனா மூஞ்சி தெரியுற நாடு இல்ல தம்பி அது. அமீரகத்துல வாட்ஸ்அப்புல மெசேஜ் போகும், கால் போகாது. அனுமதி இருக்குற வேற ஆப்புக்குக் காசு கட்டி ரூமுல ஆளுக்கொரு நேரமா பேசுறாங்க. விடியுறதுக்கு முன்னாடி கேம்ப்லேர்ந்து பஸ்ஸு கெளம்பிரும், திரும்பி வந்து குளிக்க வரிச, அடுப்புக்கு வரிச, அப்புறம்தான் போன். ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரையிலேர்ந்து மூணு மணி வர வெயில்ல வேல வாங்கக் கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு, அந்த நேரம் நமக்கு ரெண்டு மணிலேர்ந்து நாலர. எனக்குப் புடிச்ச மாசம் அந்த மூணு மாசம்தான், ஏன்னா அப்ப பகல்ல பேசலாம். பேசலாம்னு பேருதான், வெயில்ல வெந்து வந்த மனுஷன் ஒரு நெழல்ல அட்டைய விரிச்சுப் படுத்துக்கிட்டு போன நெஞ்சு மேல வச்சிருப்பாரு, நான் ஹலோ ஹலோன்னா மூச்சுச் சத்தம் கேக்கும், தூங்கிட்டாரு. நான் கட் பண்ண மாட்டேன், அவரா முழிக்கட்டும்னு விட்டுருவேன். அப்புறம் நெட்டு தானா கட் ஆயிரும். கட் ஆனப்புறம் அந்தக் கால்லேர்ந்து என் கையில என்ன மிச்சம் இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்?

அவர் கையில என்ன இருக்குன்னு நான் சொல்றேன். ரூமுல டபுள் டெக்கர் கட்டிலு, மேல ஒருத்தர் கீழ ஒருத்தர், ஒருத்தர் நைட் டூட்டி ஒருத்தர் பகல் டூட்டி, லைட்டு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால கீழ்க் கட்டில்காரங்க எல்லாரும் சுத்தி ஒரு துணியக் கட்டிக்குவாங்க. ஒரு தடவ இட்லிப் பொடி பாட்டில் ஒடையக் கூடாதுன்னு என்னோட பழைய சின்னாளப்பட்டி சேலையக் கிழிச்சு சுத்திக் குடுத்துவிட்டேன், நீலத்துல வெள்ளப் புள்ளி போட்ட சுங்குடி, ஓரத்துல மஞ்சக் கற வேற. பொடி தீந்துருச்சு, பாட்டிலத் தூக்கிப் போட்டுட்டாங்க, அந்தச் சேலத் துணி அவர் கட்டில்ல தலமாட்டுப் பக்கம் திரையாத் தொங்குது. மிச்ச சேலையும் குடுத்து விடுன்னாரு. இப்ப முழுச் சேலையும் அங்கதான், மூணு பக்கமும் கட்டியிருக்காரு. ரூமுல இருக்குற தம்பிங்க, ராஜஸ்தான்காரர் ஒருத்தர், பங்களாதேஷ்காரர் ஒருத்தர், எல்லாரும் அந்தச் சேல பக்கம் வந்தா சத்தத்தக் கொறச்சுப் பேசுவாங்களாம். வீடியோ கால்ல நான் தெனமும் வந்துட்டு போறேன், ஆனா அந்த ரூமுல நான் இருக்கேன்னு சொல்ல வச்சது அந்தச் சேல.

மன்னார்குடியில தைலம் கெடைக்குதுன்னு தம்பி சொன்னாரே, கெடைக்குது, இல்லேன்னு சொல்லல. கோடாலி தைலம் எத்தன பாட்டில் வேணாலும் வாங்கலாம். ஆனா அவர் லீவு முடிஞ்சு போறப்ப தலகாணிக்கு அடியில மறந்து விட்டுட்டுப் போன அந்தப் பாதி பாட்டில எந்தக் கடையில தம்பி விக்கிறாங்க? அந்த மூடிய இறுக்கி மூட மாட்டாரு அவரு, லேசா எண்ண கசிஞ்சு லேபிள் எல்லாம் பச்சையா ஊறிப் போயிருக்கும். எனக்குத் தலவலி வந்தா கடையில வாங்குன தைலத்தத்தான் தேய்ப்பேன். இது மோந்து பாக்குறதுக்கு மட்டும். எங்க மாமியாரும் நான் இல்லாத நேரத்துல எடுத்து மோந்து பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா வச்ச எடத்துல இருக்காது.

அடுத்து டெக்னாலஜி வந்துருச்சு, இனிமே பொருள் எதுக்குன்னு சொன்னாங்க. எங்க பெரியம்மா வீட்டுக் கதைய சொல்லணும் இதுக்கு. பெரியப்பா எண்பதுகள்ல குவைத்துல இருந்தாரு. அப்ப லெட்டர் எழுதப் படிக்க வராதவங்க டேப்பு கேசட்டுல பேசி, ஊருக்குப் போறவங்க கையில குடுத்து விடுவாங்க, கல்ஃப்ல இருந்த அந்தத் தலமுறைக்கு இது நல்லாத் தெரியும். பெரியம்மா கொல்லையில முருங்க மரத்தடியில ஒக்காந்து பேசுவாங்க. வீட்டுக்குள்ள மாமியார் காதுல விழும்ல. அந்தக் கேசட்டுல பெரியம்மா பேச்சோட கோழி கத்துறது, பம்புசெட்டு ஓடுற சத்தம், பால்காரர் சைக்கிள் மணி எல்லாம் சேந்து பதிஞ்சிருக்கும். பெரியப்பா சொல்லுவாரு, நீ பேசுனத ரெண்டு தடவ கேட்டேன், பம்புசெட்ட எத்தன தடவ கேட்டேன்னு கணக்கே இல்லன்னு. 1990 ஆகஸ்ட் 2-ந் தேதி ஈராக் படை குவைத்துக்குள்ள எறங்குனப்ப, டிவி, ஃபேன், புள்ளைங்களுக்கு வாங்கி வச்ச துணி எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு பஸ்ஸுல பாக்தாத் வழியா ஜோர்டான் போயி, அம்மான்லேர்ந்து ஏர் இந்தியா ஃப்ளைட்டுல வந்தாரு. அந்த ரெண்டு மாசத்துல 1,70,000-க்கும் மேல நம்ம நாட்டு ஆளுங்கள அப்படிக் கூட்டிட்டு வந்தாங்க. பெரியப்பா பாஸ்போர்ட்டோட சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தது ரெண்டு கேசட்டு. சம்பாதிச்சதெல்லாம் போச்சேன்னு சொந்தக்காரங்க அழுதப்ப பெரியம்மா அந்தக் கேசட்டக் கையில வாங்கிக்கிட்டு வாயத் தொறக்காம நின்னாங்களாம். இன்னைக்கு அத ஓட்டுறதுக்கு வீட்டுல டேப்பு கெடையாது, நாடா பூஞ்ச புடிச்சிருக்கும். ஆனாலும் பெரியப்பா கையெழுத்து போட்ட அந்த அட்ட பெரியம்மா டிரங்குப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, பெரியப்பா இல்ல.

இப்ப நம்ம தலமுறைக்கு வாங்க. எங்க நாத்தனார் சிங்கப்பூர்ல நர்ஸா இருக்காங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் ஸ்கைப்லதான் வருஷக்கணக்கா பேசுனாங்க. அந்த ஸ்கைப்பயே 2025 மே மாசத்தோட மூடிட்டாங்க. எனக்கே ஒரு போன் தண்ணியில விழுந்து, புள்ள பொறந்தப்ப அவர் அழுதுக்கிட்டே அனுப்புன வாய்ஸ் மெசேஜ் பூரா போச்சு, சர்வீஸ் கடையில எவ்வளவோ கெஞ்சியும் எடுக்க முடியல. அதே நேரத்துல அவர் குடுத்துவிட்ட புள்ளையோட மொத சட்ட, சைஸ் தெரியாம மூணு வயசுப் புள்ளைக்கு வாங்கி அனுப்புனது, அது இருக்கு. மூணு வயசு வரைக்கும் வச்சிருந்து போட்டுவிட்டேன்.

புள்ளன்னதும் ஞாபகம் வருது, வீடியோ கால் இல்லேன்னா புள்ளைக்கு அப்பன் மூஞ்சியே தெரியாதுன்னு தம்பி சொன்னாரு. நெசம்தான், மூஞ்சி தெரியும். போனுக்கு முத்தம் குடுப்பான். ஆனா திருச்சி ஏர்போர்ட்டுல அப்பா நேர்ல வந்து கைய நீட்டுனப்ப என் முந்தானைக்குள்ள பூந்துக்கிட்டான், ஏன்னா அவனுக்குத் தெரிஞ்ச அப்பா உள்ளங்கை அளவுதான். இங்க இருக்குற எத்தன அண்ணன்மாருக்கு இது நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும், தலைய ஆட்டுறீங்க. அன்னைக்கு ராத்திரி அவர் லுங்கிய மாத்திக்கிட்டு வந்து படுத்தாரு. அவரு போனதுலேர்ந்து புள்ளைக்குத் தூளி கட்டுனது அவரு லுங்கியிலதான், அந்தத் துணியும் அந்த வாசமும் அவனுக்குப் பழக்கம். மெதுவா நகந்து போயி அவர் கால் மாட்டுல லுங்கி ஓரத்தப் புடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். விடிஞ்சப்ப நெஞ்சு மேல கெடந்தான்.

பொருள்னா சண்டதான் வரும், அட்டப்பெட்டியப் பிரிச்சா மச்சான் ஒரு பக்கம் மாமா ஒரு பக்கம் பங்கு கேப்பாங்கன்னு ஒரு குத்தம் சொன்னாங்க. அது நகைக்கும் வாட்சுக்கும் வர்ற சண்ட. நான் பேசுற பொருளுக்கு எவனும் பங்கு கேக்க மாட்டான் அய்யா, மளிகைக் கட பில்லுக்கும் கிழிஞ்ச சேலைக்கும் யாரு சண்ட போடுவா.

நடுவர் அய்யா மணியில கை வச்சுட்டீங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு எறங்கிடுறேன். எங்க ஊர்ல, கூத்தாநல்லூர்ல, முத்துப்பேட்டையில, யாராவது ஒருத்தர் லீவு முடிஞ்சு கெளம்புறாங்கன்னு தெரிஞ்சா போதும், முந்துன நாள் சாயங்காலம் வாசல்ல வரிசையா ஆளு நிக்கும். அவருக்கு மொத்தமே 30 கிலோதான், ஸ்ப்ரிங் தராசுல பெட்டிய மாட்டித் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு சொந்த வேட்டியையே வெளிய எடுத்து வச்சிருப்பாரு. அந்த நேரத்துல ஒரு பொண்ணு வந்து, அண்ணே ஒரு பாக்கெட்டுதாண்ணே, கொழம்புப் பொடிதாண்ணேன்னு நிப்பா. அதுல நானும் நின்னிருக்கேன். குருமாப் பொடிக்கு கசகசா போட்டா அங்க கஸ்டம்ஸ்ல புடிச்சு ஜெயில் வரைக்கும் போயிரும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால பாக்கெட்டு மேல மார்க்கர்ல கசகசா போடல, பயப்படாம சாப்புடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். பொடிய ரூமே சேந்து தின்னு தீத்துட்டாங்க, அந்தக் கவர மட்டும் அவர் கழுவிக் காய வச்சு விசா பேப்பரோட வச்சிருக்காரு.

அடுத்து பேச வர்ற எதிரணி அண்ணன் எனக்கு இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்தப் பொண்ணுங்க அத்தன பேரும் முந்துன நாள் ராத்திரி புருஷன்கிட்ட வீடியோ கால்ல பேசிட்டுத்தான் வந்து நிக்கிறாங்க. கால் போதும்னா, அடுத்தவன் பெட்டியில அர கிலோ எடத்துக்கு ஏன் அண்ணே அவங்க அவ்வளவு நேரம் நிக்கணும்?

வாய்ப்புக்கு நன்றி அய்யா, வணக்கம்.