பரணில் கிடக்கும் லேப்டாப்பும் முதல் லினக்ஸும்

(திரையில்: மூடியில் கீறல் விழுந்த கறுப்பு லேப்டாப். தூசி தட்டும் சத்தம்.)

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். இது என் தங்கை பள்ளியில் படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கும். அதில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்றொரு லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்றால் விண்டோஸைப் போலவே கணினியை ஓட்டுகிற இன்னொரு இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் பாஸை உருவாக்கியது. தெரியாமல் ஒருமுறை அதற்குள் போய், "ஐயையோ, வைரஸ் வந்துட்டு" என்று பதறி அணைத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது இதைத் திரும்ப எடுக்கக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்த வயசாளியிடம் கிடையாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதனால் இதில் லினக்ஸ் போடலாம்.

(திரையில்: சுத்தமல்லி அணைக்கட்டு, பிரியும் கால்வாய்.)

புதிதாக வருபவரை முதலில் குழப்புவது, ஏன் இத்தனை லினக்ஸ் என்பதுதான். நம் ஆற்றைப் பாருங்கள். சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரிகிறது, பழவூரில் பாளையங்கால்வாய் பிரிகிறது. இரண்டிலும் ஓடுவது தாமிரபரணித் தண்ணீர்தான். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல், அதாவது லினக்ஸின் மையக் கரு, அதுதான் இங்கே ஆறு. அதை வீட்டில் புழங்குகிற மாதிரிக் கொண்டுவந்து சேர்க்கும் கால்வாய்களுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். டெபியன் ஒரு பெரிய கால்வாய். அதிலிருந்து உபுண்டு பிரிந்தது, உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட். கடைமடைக்குத் தண்ணீர் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மின்ட்டுக்கும் அப்படியே. பழகுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை.

என் சிபாரிசு மின்ட். அது திரைத் தோற்றத்தில் வேறுபடும் பதிப்புகளாக வருகிறது. 4 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் பதிப்பு, குறைவென்றால் இன்னும் இலேசான எக்ஸ்எஃப்சிஇ. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. ஆனால் 2 ஜிபி ரேமில் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த லினக்ஸும் மூச்சு வாங்கும். கையில் காசிருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டிஸ்ட்ரோ என்று ஒரு வாரம் மண்டையைக் குடைவதைவிட அதில் பலன் அதிகம்.

எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டிய ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவைப் போடச் சொல்லும் மச்சான் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது தப்பில்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் திரை கறுப்பானால் வீட்டுக்கு வருவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வருவார் என்றால் தாராளமாக அதையே போடலாம்.

இன்னொன்று. கோரல் டிராவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், டேலியில் கணக்கு எழுதுபவர் கடை கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டாம். அவை நேரடியாக லினக்ஸில் ஓடுபவை அல்ல. வீட்டில் சும்மா கிடப்பதில் ஆரம்பியுங்கள்.

(திரையில்: பென் டிரைவ்.)

மின்ட்டை நிறுவ அதன் தளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதை எழுதுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும். அப்புறம் லேப்டாப்பை அணைத்து, மறுபடி போடும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான சாவியைத் தட்ட வேண்டும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்போது வருவது லைவ் திரை. எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடுகிறது. இங்கே அவசரப்படாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒரு மணி நேரமாவது பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டு பென் டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்துவிட்டதா? இனிதான் ஆபத்தான இடம். இன்ஸ்டாலர் நடுவில் ஒரு கேள்வி கேட்கும்: விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கட்டுமா, டிஸ்க்கை முழுதாக அழிக்கட்டுமா? நான் முதல் தடவை படிக்காமலே 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தேன். அக்கா வளைகாப்புப் படங்கள் அதோடு போயின. "அதான் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளையாச்சே" என்று அக்கா இன்றும் பந்தியில் வைத்துச் சொல்லிக் காட்டுவாள். அதனால் படம், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்த பிறகே இந்தத் திரைக்கு வாருங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறவர் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற சீக்கிரம் தொடங்கும் வசதியை நிறுத்துங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதென்றால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு பேட்டரி நிற்காது, அது தெரிந்ததே. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

(திரையில்: மின்ட் முகப்பு.)

முடிந்ததும் முதலில் அப்டேட். அடுத்து டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். நாளை அமைப்பில் எதையாவது கெடுத்துக்கொண்டால் இன்றைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் படங்களை அது காப்பாற்றாது, சிஸ்டத்தை மட்டும்தான்.

தமிழில் எழுத, தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். கடிதம், கணக்கு அடிக்க லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை எடுத்து வந்து இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவினால் எழுத்து தெளிந்துவிடும்.