எட்டுப் பலகை நெல்லும் ஏழு மணியும்

பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறேன்: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். தோராயமாகப் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. செய்முறை சுலபம்தான்: 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் போதும்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று கேட்டு ராஜாவைத் திணறடித்தவரின் கதை உங்களுக்குத் தெரியும். 64 கட்டமும் நிறைந்த பலகைகள் எட்டு, மேலே ஏழு மணி. அதுதான் இந்த எண். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் போட்டுப் பாருங்கள்.

சரி, இது பகா எண்ணா? 1644-இல் பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென், ஆமாம் என்றார். இதே செய்முறையில் எத்தனை இரண்டுகளை எடுத்தால் பகா எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் போட்டார். அதில் 67 இருந்தது. இருக்க வேண்டிய 61 இல்லை. எழுதும்போது ஒன்று ஏழாகிவிட்டதோ என்று சொல்வதுண்டு. 89, 107 இரண்டையும்கூட அவர் விட்டிருப்பதால் அந்தச் சமாதானம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. உள்ளே ஆள் இருப்பது நிச்சயம், யாரென்றுதான் தெரியாது என்ற நிலைமை. 27 வருடம் அப்படியே கிடந்தது.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. அவர் வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். பெருக்கலில் மட்டும் மெருகு இல்லை.

குருட்டாம்போக்கில் தேடினால் ஞாயிற்றுக்கிழமைகள் போதாது. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை எடுத்தாலும், அதில் ஒன்றைக் கழித்தால் 134-ஆல், அதாவது 67-இன் இரு மடங்கால், மீதியின்றி வகுபடும். சின்ன எண்ணில் பார்ப்போம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 2047. அது 23 × 89. 22, 88 இரண்டும் 11-இன் இரு மடங்கான 22-ஆல் வகுபடுகின்றன, பாருங்கள்! கோலின் சிறிய காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் 14,45,580 வருகிறது. அதாவது இந்த ஒரு சல்லடையை மட்டும் நம்பினால் பதினாலு லட்சத்துக்கு மேல் எண்களைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதனால் அவர் இன்னும் நுண்ணிய சல்லடைகளையும் போட்டார்.

இன்று கணினி கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். ஆனாலும் யாராவது ஒருவர் இங்கே வந்து அந்தப் பெருக்கலைக் கையால் போடுங்கள். சுண்ணக்கட்டி இருக்கிறது, நாங்கள் காத்திருக்கிறோம்.