விரல் நுனியில் ஒரு துளி

(உலக எயிட்ஸ் தினத்தை ஒட்டி, மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மழைக்குள்ளும் வந்திருக்கிறீர்கள். காலபோக வயலுக்குக் காவலுக்கு ஆள் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மலேரியாவைத் தெரியும். பல்லுக் கிட்டும் நடுக்கம், சாக்கை எடுத்துப் போர்த்தாலும் அடங்காத குளிர், பிறகு அனலாய்ச் சுடும் காய்ச்சல். டொக்டர் சொல்ல முதலே அம்மம்மா சொல்லிவிடுவா. உடனே போய் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம் கொடுப்போம். அதற்கு ஒருவரும் வெட்கப்படவில்லை. அப்படி ஊர் ஊராய்க் குத்திப் பார்த்ததும் ஒரு காரணம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்ததற்கு.

எயிட்ஸைக் கொண்டுவரும் எச்.ஐ.வி. கிருமிக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. ஆளைப் பார்த்தோ, காய்ச்சலைப் பார்த்தோ ஒருவராலும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் வார்ட்டில் நின்ற என்னாலும் முடியாது.

தொற்றி இரண்டு முதல் நாலு கிழமைக்குள் பலருக்கு ஒரு காய்ச்சல் வரும். தொண்டை நோ, உடம்பு உளைவு, கழுத்திலும் கக்கத்திலும் நெறி கட்டுதல், சிலருக்கு நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு. சிலருக்கு ஒன்றுமே வராது. வந்தாலும் நாங்கள் என்ன செய்வோம்? டெங்குவோ, எலிக்காய்ச்சலோ என்று யோசிப்போம். பனடோல் போட்டு, கொத்தமல்லி அவித்துக் குடிப்போம். ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறிவிடும். கொத்தமல்லிக்குத்தான் மாறியது என்று நினைப்போம். உண்மையில் அந்த நாட்களில்தான் இரத்தத்தில் வைரசு மிக அதிகம், மற்றவருக்குத் தொற்றுவதும் மிகச் சுலபம். அந்த நேரத்தில் பரிசோதித்தால் இல்லை என்றுகூட வரலாம். பரிசோதனை தேடுவது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது உண்டாகக் காலம் எடுக்கும். விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் இல்லை என்று வந்ததை உறுதியாக நம்புவதற்கு, பயப்படும் சம்பவம் நடந்து மூன்று மாதம் கழிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நீண்ட அமைதி. மருந்து எடுக்காதவருக்கு இது எட்டு, பத்து வருடம்கூட நீளும். அவர் விறகு வெட்டுவார், உழவு ஓட்டுவார், கலியாணம் கட்டுவார். உள்ளே என்ன நடக்கிறது? வயல் காவலை நினைத்துப் பாருங்கள். கொட்டிலில் ஒருவர் முழித்திருந்து, யானையோ பன்றியோ வந்தால் தகரத்தைத் தட்டி மற்றவர்களை எழுப்புவார். எங்கள் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது சீடி4 என்ற வெள்ளணு. எச்.ஐ.வி. தேடிப் போய் அந்தக் காவல்காரனைத்தான் பிடிக்கிறது. சுகதேகியின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 500க்குக் குறையாமல் இருக்கும் இந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைகின்றன. 200க்குக் கீழே போனால், அல்லது காவல் இல்லாத உடம்பில் மட்டும் துணிந்து நுழையும் சில நோய்கள் வந்தால், அந்த நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பேர். எச்.ஐ.வி. என்பது கிருமி, எயிட்ஸ் என்பது அதைக் கவனிக்காமல் விட்டால் வந்து சேரும் கடைசிக் கட்டம். இரண்டையும் ஒன்றாக்கிக் கதைப்பதால்தான், தொற்று இருக்கிறது என்று கேட்டவுடனேயே மனிசர் செத்துப்போன மாதிரி இருந்துவிடுகிறார்கள்.

இடையில் உடம்பு சில சேதி சொல்லும். அறுபது கிலோ உள்ளவர் காரணமில்லாமல் ஆறு கிலோ குறைந்தால் கவனியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டு விட்டுக் காய்ச்சல், ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றோட்டம், இரவில் பாய் நனைய வியர்வை, இளம் வயதில் அக்கி, இரண்டு கிழமை தாண்டிய இருமல். காசநோயை முக்கியமாய்ச் சொல்கிறேன், எச்.ஐ.வி. உள்ளவர்களை உலகில் அதிகமாகக் கொல்வது அதுதான்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் பேரையும் சொல்லமாட்டேன். தாய் கூட்டிவந்தா. பிள்ளை சாப்பிடுகிறான் இல்லை, வயிற்றுப் புண் என்று ஆறு மாதமாய் மருந்து எடுக்கிறோம் என்றா. நான் அவனுடைய இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். அதில் ஆணியால் அடித்த மூன்று புதிய ஓட்டைகள். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் அண்ணத்திலும் பாலாடை படிந்ததுபோல வெள்ளை. தினமும் வேப்பங்குச்சியால் சுரண்டியிருக்கிறான், சுரண்டிய இடம் சிவந்து கசிந்தது. அந்த வெள்ளை தொண்டைக்குள்ளும் இறங்கியிருந்தது, அதனால்தான் சோறு விழுங்க முடியவில்லை. சீடி4 ஐம்பதுக்கும் கீழே.

அதற்கு முதல் இருந்த வைத்தியசாலையில் அவனுடைய கட்டிலை மூலைக்குத் தள்ளி, கோப்பின் மட்டையில் எல்லோரும் பார்க்கச் சிவப்பு மையால் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்தார்கள். தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பிரித்து வைத்தார்கள். படித்தவர்கள் செய்த வேலை அது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவன் வீட்டுக்கு ஓடிப்போய் நாலு மாதம் மறைந்திருந்ததற்கு அந்தச் சிவப்பு மைதான் காரணம்.

மருந்து தொடங்கி ஒரு வருடத்துக்குள் அவன் பட்டியை பழைய ஓட்டைக்கே கொண்டுவந்துவிட்டான். இப்போது மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. கிருமியை முற்றாக அகற்றாது, ஆனால் கட்டிப்போடும். ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் வைரசு அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. பிள்ளைத்தாச்சிகளுக்குக் கிளினிக்கில் இரத்தம் எடுப்பதும் இதற்காகத்தான். மருந்து இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரையான பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றலாம், மருந்தோடு அது ஐந்துக்கும் கீழே போகும். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு 2019இல் சான்று கிடைத்தது. அதில் எங்கள் மருத்துவமாதுகள் நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

நுளம்பு கடித்தால் பரவாதா என்று போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். வன்னியில் அது நியாயமான கேள்விதான். மலேரியாக் கிருமி நுளம்புக்குள் பெருகி, அதன் உமிழ்நீருக்கு வந்து, அதோடு எங்களுக்குள் இறங்கும். எச்.ஐ.வி.யால் நுளம்புக்குள் பெருக முடியாது, அதன் வயிற்றில் செமித்துப்போகும். கட்டிப்பிடித்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும், ஒரே கிணற்றில் குளித்தாலும் தொற்றாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவ்வளவுதான் வழி.

இன்னொன்று. மெலிந்தவரைக் கண்டால் அதுவாக இருக்குமோ என்று சந்தியில் நின்று கதைக்காதீர்கள். நீரிழிவுக்கும் மெலியும், கவலைக்கும் மெலியும். கொழுத்த உடம்போடு திரிபவருக்கும் தொற்று இருக்கலாம்.

சரி, எங்கே போவது? வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. வேறு டொக்டரின் துண்டு வேண்டாம், காசும் வேண்டாம். நேற்றோ முந்தநாளோ ஏதும் நடந்து பயமிருந்தால், 72 மணித்தியாலத்துக்குள் போனால் தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது, விடியும் வரை காத்திருக்காமல் போங்கள். சொந்த ஊரில் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று பயமா? முல்லைத்தீவார் வவுனியாவுக்குப் போங்கள். வீட்டில் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாலும் சரி. கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும் மட்டும் நான் பின்பக்க மாமரத்தடியில் நிற்பேன், தனியே கேட்க வேண்டியதை அங்கே வந்து கேளுங்கள்.