போய் எண்ணிப் பாருங்கள்

மூப்பர்களே, பொருளாளர்களே, ரங்கூன் தமிழ்ச் சபைகளின் கமிட்டி அங்கத்தினர்களே,

"ஆளில்லை, பணமில்லை, நம்மால் ஆகாது." கமிட்டியில் எந்த யோசனை எழுந்தாலும் இந்தப் பேச்சுத்தான் முதலில் வருகிறது. இதை அவிசுவாசம் என்று பிரசங்க பீடத்தில் நின்று கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1964-இல் இந்நாட்டுப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. மறு வருஷம் மிஷன் பள்ளிகள் அரசுடைமையாயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடின்றி வெறும் காகிதமாயின. இதையெல்லாம் பார்த்த பெரியவர் "கையிருப்பைத் தொடாதீர்கள்" என்றால், அவர் பட்டதைத்தான் சொல்கிறார். பட்டவருக்குக் கணக்கைக் காட்ட வேண்டும்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், பசித்த கூட்டத்துக்கு நீங்களே உணவு கொடுங்கள் என்று இயேசு சொன்னபோது, சீஷர்கள் இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கவேண்டுமோ என்கிறார்கள். கையில் இல்லாததைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இயேசுவோ, உங்களிடம் எத்தனை அப்பம் உண்டு, போய்ப் பாருங்கள் என்கிறார். நம் கமிட்டிகள் அந்தப் "போய்ப் பார்ப்பதை" விட்டுவிட்டு நேரே ஜெபத்துக்குப் போய்விடுகின்றன.

எண்ணும்போது தவறுகிற இடங்கள் உண்டு. மலேசியாவுக்குப் போன பிள்ளைகள் எப்போதாவது அனுப்பும் பணத்தை மாதக் காணிக்கையோடு சேர்த்து எழுதிவிடுகிறோம். ஒரு மாதம் வரவு ஏறுகிறது, அடுத்த மாதம் சரிகிறது. உடனே "சபை விழுகிறது" என்ற பேச்சு. அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அடுத்தது பணவீக்கம். காணிக்கை போன வருஷத்தைவிட ஏறியிருக்கும், செலவுக்குப் போதாது. பொருளாளர்மேல் சந்தேகம் பிறக்கும். மாத வரவுக்கு 24 பியி (பர்மியப் படி அளவு) அரிசி மூட்டை எத்தனை வாங்கலாம் என்று பக்கத்திலேயே குறித்து வாருங்கள். காணிக்கை குறைந்ததா, பணத்தின் மதிப்பு குறைந்ததா என்பது சபைக்கே விளங்கும். மூன்றாவது அங்கத்தினர் பதிவேடு. பதிவில் 120 பேர், ஆராதனைக்கு 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் வெளிநாட்டில், 15 பேர் நடக்க முடியாத முதியோர் என்றால், வரக்கூடியவர்கள் 65 பேர்தான். அதில் 50 நல்ல வருகை.

காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தொடக்கூடாத இருப்பென்று தீர்மானம் எழுதுங்கள். பயப்படுகிறவருக்கு அந்தக் கோடு வேண்டும். கோட்டுக்கு மேலே உள்ளதைப் பற்றி அவரும் பேச வருவார். தொகையை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். காலம் சரியில்லை, அங்கத்தினர் கூட்டத்தில் வாசித்தால் போதும்.

இனி முறுமுறுப்பு. எண்ணாகமம் 13-இல் கானானைப் பார்த்துவர மோசே அனுப்பிய வேவுகாரர் 12 பேரும் பார்த்தது ஒரே தேசம். பட்டணங்கள் அரணிப்பானவை என்று பத்துப்பேர் சொன்னதும் உண்மைதான். நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்று சேர்த்தார்கள் பாருங்கள், அது அவர்களுடைய தீர்ப்பு. ஆகவே கூட்டத்தின் முதல் பத்து நிமிஷம் தகவல் மட்டும்: வரவு, வருகை, பழுது. அபிப்பிராயம் அதற்குப் பிறகு. தலைவர் கண்டிப்பாக இல்லாவிட்டால் இரண்டாம் நிமிஷமே இரண்டும் கலந்துவிடும்.

குறை சொல்கிறவரை அடக்கவும் வேண்டாம். அப்போஸ்தலர் 6-இல் அன்றாட உணவுப் பகிர்வில் சில விதவைகள் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் ஏழு பேரை நியமித்தார்கள். அந்தக் குறை மெய்யாகவே இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: சொன்னவர், தேதி, குறை, பொறுப்பாளர், பதில் சொல்லும் தேதி. "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று வருவதை எழுத வேண்டாம். ஒருவராவது பெயரோடு வரட்டும். பதில் தேதி தவறினால் நோட்டும் செத்தது, பேச்சு மறுபடியும் வாசலுக்குப் போய்விடும்.

துக்கம் வேறு. பிள்ளை தூரதேசம் போன தாய் அழுவதை முறுமுறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சங்கீதங்களில் புலம்பல் ஏராளம். மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தை அதற்கென்றே விடுங்கள்.

புதிய முயற்சியைச் சிறிதாகவே தொடங்குங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றால் எட்டு வாரம், இரண்டு ஆசிரியர், இத்தனை கியாட்டுக்கு மேல் செலவில்லை என்று முன்கூட்டியே எழுதி, ஒன்பதாம் வாரம் தொடரலாமா என்று வாக்கெடுங்கள். "இது நடக்காது" என்று அதிகம் சொன்னவரையே வருகைப் பதிவேட்டுக்குப் பொறுப்பாக்குங்கள்.