மழையில் நின்ற காரின் பின் பிரேக் ஜாம்: எங்கே பிடித்திருக்கிறது, எப்படி விடுவிப்பது

[காட்சி: மும்பை செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி. மழை விட்ட காலை. சுவரோரம் ஒரு ஹாட்ச்பேக், டயருக்கு அடியில் ஒட்டிக் காய்ந்த இலைகள்.]

மே மாசம் தாதர்ல ரயிலேறி ஊருக்குப் போறவங்க, ஜூன் கடைசியில மும்பை திரும்பும்போது இங்க மழை நல்லாப் பிடிச்சிருக்கும். கீழ நிக்கிற காரை ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் ஓடும், கியர் விழும். கிளட்சை விட்டா வண்டியோட பின்பக்கம் மட்டும் லேசா அமுங்கும், வண்டி நகராது. முன்சக்கரம் இழுக்குது, பின்சக்கரம் விட மாட்டேங்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சு இழுத்துடாதீங்க. கிளட்ச் பிளேட் கருகும். அதைவிட மோசமா, பின் பிரேக் ஷூவுல ஒட்டியிருக்கிற லைனிங், அதாவது உரசிப் பிரேக் பிடிக்கிற பட்டை, பிய்ஞ்சு பிரேக் டிரம்முக்குள்ளயே விழும். அந்தத் துண்டு நடுரோட்டுல சக்கரத்தைப் பூட்டிடும்.

முதல்ல ஏன் பிடிக்குதுன்னு பார்ப்போம்.

[காட்சி: கழற்றிய டிரம், உள்பக்கம். விரல் தேய்ந்த பாதையைத் தொட்டுக் காட்டுகிறது.]

நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்கள் பெரும்பாலானதுல பின்னாடி டிரம் பிரேக்தான். டிரம்ங்கிறது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற வார்ப்பிரும்புக் கிண்ணம். உள்ள, சுத்தாம நிக்கிற, பிறை மாதிரி வளைஞ்ச ரெண்டு ஷூ. ஹேண்ட்பிரேக்கை இழுத்தா கேபிள் ஒரு லீவரை இழுக்கும், அந்த லீவர் ரெண்டு ஷூவையும் விரிச்சு டிரம்ல அழுத்தும். இந்தப் பளபளப்பான பாதைக்குப் பெயின்ட் கிடையாது, எண்ணெய் கிடையாது. மழை ஈரமும் கடல்காத்து உப்பும் சேர்ந்தா ஒரே ராத்திரியில செம்பழுப்பு நிறத்துக்கு மாறிடும். ஷூ அழுத்திக்கிட்டிருக்கிற இடத்துல அந்தத் துரு லைனிங்குக்குள்ள ஊறி, ரெண்டையும் ஒட்ட வெச்சிடும். ஹேண்ட்பிரேக் போடாம நின்ன வண்டியிலயும் துரு பிடிக்கத்தான் செய்யும். ஆனா ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதனால ஒட்டாது. பக்கத்துப் பக்கத்துல ஒரே மழையில நின்ன ரெண்டு காருல ஒண்ணு மட்டும் பூட்டிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஷூ ஒட்டுறதைத் தவிர இன்னும் ரெண்டு இடம் பிடிக்கும். ஒண்ணு, ஹேண்ட்பிரேக் கேபிள்: உறை கிழிஞ்சு தண்ணி போயி, உள்கம்பி துருவேறி, இழுத்தா வரும், விட்டா திரும்பாது. இன்னொண்ணு, வீல் சிலிண்டர்: பிரேக் பெடலை மிதிச்சா ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளுற சின்ன சிலிண்டர். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டருக்குள்ள துருவா மாறி, பிஸ்டனைப் பிடிக்கும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. அதனால சுத்தியலை எடுக்கிறதுக்கு முன்னாடி, பிடிச்சது எதுன்னு தெரிஞ்சாகணும்.

[காட்சி: டிரைவர் சீட். ஹேண்ட்பிரேக் லீவர் மேலும் கீழும்.]

சமதரையா இருக்கணும். ரெண்டு முன்சக்கரத்துக்கும் முன்னயும் பின்னயும் கட்டை கொடுங்க. ஹேண்ட்பிரேக்கை விடப் போறோம், அதனால இந்தக் கட்டை இல்லாம அடுத்த வேலை கிடையாது. ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரல்ல வெச்சு, ஒவ்வொரு பின்சக்கரமா ஜாக்கியில தூக்கிக் கையால சுத்திப் பாருங்க. முன்சக்கர இழுவை வண்டியில பின்சக்கரம் தாராளமா சுத்தணும். லேசா உரசுற சத்தம் வந்தா பரவாயில்ல. அசையவே இல்லைன்னா அதுதான் நம்ம சக்கரம்.

இப்போ லீவரைக் கவனிங்க. பிடிமானமே இல்லாம தொளதொளன்னு ஆடுதா? கேபிள் மேல சந்தேகம் வைக்கலாம். அதை உறுதி பண்ண, ஜாக்கிக்குப் பக்கத்துல ஸ்டாண்ட் வெச்சுட்டு, பின்சக்கரத்துப் பக்கம் கேபிள் எங்க டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற பின்தட்டுக்குள்ள நுழையுதோ அங்க உள்கம்பியை விரலால அழுத்திப் பாருங்க. லீவர் கீழ இருக்கும்போதும் கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைப்பா இருந்தா, கேபிள் உறைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. கம்பி தளர்ந்து இருக்கு, சக்கரம் மட்டும் பூட்டியிருக்குன்னா ஷூ டிரம்ல ஒட்டியிருக்கு. சில மாடல்ல உள்கம்பி வெளிய தெரியவே தெரியாது. அதுல நடுவுல ரெண்டு கேபிளும் சேர்ற ஈக்வலைசர்கிட்ட பாருங்க.

வீல் சிலிண்டர் விஷயம் கொஞ்சம் வேற. அது பொதுவா ஓடும்போது காட்டிக்கொடுக்கும்: ஒரு பக்கம் ரிம் சூடு, எரிஞ்ச வாசனை, வண்டி இழுக்காத மாதிரி ஒரு பாரம். பூட்டின சக்கரத்தோட ப்ளீடர் நிப்பிளை (பின்தட்டுல, பிரேக் ஆயிலை வெளிய விடுற சின்னத் திருகு) அரைச் சுத்து தளர்த்தினதும் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விட்டுடுச்சுன்னா, அழுத்தம் உள்ள சிக்கியிருக்கு. ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கியிருக்கலாம், இல்ல பெடல் அழுத்துற மாஸ்டர் சிலிண்டர் திரும்பாம இருக்கலாம். அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. நாள்கணக்கா நின்ன வண்டியில இது அபூர்வம்.

[காட்சி: கார் தரையில். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே பின்சக்கரத்தைப் பார்த்தபடி.]

ஷூ ஒட்டினது உறுதியா? கட்டைகளை எடுத்துட்டு, வண்டியைத் தரையில வெச்சே ஆரம்பிங்க. முதல் கியர்ல கிளட்சைப் பாதி விட்டு ஒரு சின்னத் தள்ளு, உடனே கிளட்சைத் திரும்ப மிதிச்சிடுங்க. அப்புறம் ரிவர்ஸ்ல ஒண்ணு. முன்ன, பின்ன, முன்ன, பின்ன. எஞ்சின் ஐடிலுக்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும். நாலஞ்சு தடவைக்குள்ள 'டக்'னு ஒரு சத்தத்தோட விட்டா நல்லது. விடலைன்னா நிறுத்துங்க. அதுக்கு மேல இழுத்தா லைனிங் பிய்ஞ்சிடலாம்.

அடுத்தது சக்கரத்தைக் கழட்டணும். கட்டைகளைத் திரும்பக் கொடுங்க. வீல் நட்டை டயர் தரையில இருக்கும்போதே அரைச் சுத்து தளர்த்துங்க. ஜாக்கியில தூக்கினதும் ஸ்டாண்ட் வைங்க. வண்டியோட வர்ற ஜாக்கி டயர் மாத்துறதுக்கு மட்டும்தான், அதை நம்பி அடியில கையோ தலையோ போகக் கூடாது. ஈரத் தரையில, பேவர் பிளாக் மேல, ஜாக்கி வழுக்கும். அடியில ஒரு பலகை போடுங்க.

[காட்சி: டிரம்மின் முகம், மிக நெருக்கத்தில். ஸ்டட்டுகளைச் சுற்றி துருத் தூள். சுத்தியல் தட்டும் சத்தம்.]

ஒரு கிலோ சுத்தியல், நடுவுல ஒரு மரக்கட்டை. டிரம்மோட தட்டையான முகத்துல, ஸ்டட்டுகளுக்கு (வீல் நட்டு ஏறுற கம்பிகளுக்கு) நடுவுல, சுத்திச் சுத்தித் தட்டுங்க. ஒரே இடத்துல ஓங்கி அடிக்காதீங்க, விளிம்புல அடிக்கவே அடிக்காதீங்க. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். சத்தத்தைக் கேளுங்க. ஒட்டியிருக்கும்போது 'தொம்'னு செத்த சத்தம் வரும். ஷூ விட்டதும் அதே அடி 'ணங்'னு கேக்கும். அந்த மாற்றம் கேட்டதும் கையால சுத்திப் பாருங்க.

துருவை இளக்குற எண்ணெயை இந்த இடத்துல ஆளாளுக்கு டிரம்முக்குள்ள பீய்ச்சுறாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. எண்ணெய் குடிச்ச லைனிங் திரும்ப பிரேக் பிடிக்காது, அந்த ஷூவை மாத்தியே ஆகணும். எண்ணெய் போகலாம்னா அது நடுவுல ஹப்பும் (சக்கரத்தைத் தாங்குற நடுப்பகுதி) டிரம்மும் சேர்ற வட்டத்துல மட்டும், ரெண்டு மூணு சொட்டு.

சக்கரம் சுத்த ஆரம்பிச்சாலும் வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. டிரம்மைக் கழட்டிப் பாக்கணும். நிறைய டிரம்ல ரெண்டு மரை துளை இருக்கும். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் ஏறும். ரெண்டையும் அரைச் சுத்து அரைச் சுத்தா மாத்தி மாத்தி முடுக்கினா டிரம் நேரா வெளிய வரும். பாதியில நின்னா, உள்ள தேய்மானத்துல விழுந்த படி ஷூவுல மாட்டுது. பின்தட்டுல இருக்கிற ரப்பர் மூடியை எடுத்து, ஷூ இடைவெளியைச் சரிபண்ற அட்ஜஸ்டரைத் தளர்த்தணும். சில கார்ல பேரிங் டிரம்முக்குள்ளயே இருக்கும், நடுவுல தட்டி மடக்கின பெரிய நட்டு. அந்த நட்டைத் திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்கி, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முடுக்கணும்.

உள்ள இருக்கிற தூசியை ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் அடிச்சு நனைச்சுத் துடைங்க. லைனிங்ல விரிசல் இருக்கா, இரும்பை விட்டுக் கிளம்பி நிக்குதான்னு நகத்தால ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. கனம் 1 மில்லிமீட்டருக்கு வந்திருந்தா, ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு ஷூவையும் மாத்துங்க. வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை லேசா விலக்குங்க. உள்ள ஈரமா ஆயில் கசிஞ்சா சிலிண்டர் போச்சு. எல்லாம் சரின்னா, 80 நம்பர் எமெரித் தாளால டிரம் பாதையைத் தேய்ச்சு, கிளீனர்ல துடைங்க. பின்தட்டுல ஷூ உரசுற மேடுகள்ல மட்டும் உஷ்ணம் தாங்குற கிரீஸ், அரிசி அளவு.

கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா மாதிரி தண்ணி தேங்குற இடத்துல நின்ன வண்டின்னா, சக்கரம் சுலபமா விட்டாலும் டிரம்மைக் கழட்டாம ஓட்டாதீங்க. உள்ள சேறு நிக்கும்.

கேபிள்தான் பிடிச்சதுன்னா, உறை வாயில துரு எண்ணெய் விட்டு இருபது நிமிஷம் ஊறவெச்சு, ஒருத்தர் லீவரை இழுக்க, இன்னொருத்தர் பின்னாடி கம்பியைத் திரும்பத் தள்ளணும். விடும். ஆனா அது பட்டறை வரைக்கும் போறதுக்கு மட்டும். அடுத்த மழையில திரும்பப் பிடிக்கும், அதனால கேபிளை மாத்திடுங்க.

[காட்சி: காருக்குள், கால் பிரேக் பெடலில்.]

மாட்டினதும், வண்டி நகர்றதுக்கு முன்னாடியே பெடலை இருபது தடவை மிதிச்சு உறுதியாகுதான்னு பாருங்க. பின்ன மூணு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிட்டு, ரெண்டு பின் ரிம்முக்கும் பக்கத்துல புறங்கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் இன்னும் உரசுது.

பின்னாடி டிஸ்க் இருக்கிற கார் பலதுல, ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கிற லீவர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபர்லயே இருக்கும். அந்த லீவர் ஸ்டாப்பர் வரைக்கும் திரும்புதான்னு பாருங்க. பல மாடல்ல அதோட பிஸ்டன் அழுத்தினா போகாது, சுத்தித்தான் உள்ள போகும். பட்டன் அழுத்துற எலக்ட்ரானிக் பிரேக்னா, ஸ்கேனர்ல சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாம கை வைக்காதீங்க.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது, கடைசியா நிறுத்துறதுக்கு முன்னாடி பிரேக்கை நாலு தடவை மிதமா மிதிச்சு, டிரம் காயுற மாதிரி ஓட்டிட்டு வாங்க. சமதரையில முதல் கியர், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட்பிரேக் கீழ. ஆட்டோமேட்டிக்னா கியர் பி (பார்க்). ரேம்ப்ல நிறுத்தினா ஹேண்ட்பிரேக் போட்டே ஆகணும். அதனால முடிஞ்சா அந்த ஒரு மாசத்துக்குச் சமதரை இடத்தை யார்கிட்டயாவது மாத்திக் கேளுங்க. வாட்ச்மேன்கிட்ட, கியர்ல நிக்குது, தள்ளினா நகராதுன்னு சொல்லிட்டுப் போங்க.