உப்புத் தண்ணீர் ஊரில் எந்தப் புல் நிற்கும்? எங்கள் வீட்டு வாசலில் காட்டுகிறேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு எங்கேயும் கிளம்பவில்லை, வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற பக்கம் நம் வீடு. தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மன்னார் வளைகுடா. போன வீடியோவில் எனக்குப் பின்னால் பச்சையாகத் தெரிந்ததே, அது என்ன புல், இந்த மணலில் எப்படி நிற்கிறது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், இருங்கள்.

முதலில் செத்துப்போன புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி முடித்ததும் ஆசை ஆசையாக ஒரு நர்சரியில் அகல இலை கார்பெட் புல் வாங்கினேன். பாயைச் சுருட்டின மாதிரி, அடியில் செம்மண் அப்பிக்கொண்டு, வண்டியில் வந்து இறங்கியது. சித்திரை வெயில். விரித்த அன்றைக்குக் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. ஒரு மாதம் தாண்டவில்லை, இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை போல என்று காலையும் மாலையும் போர் தண்ணீரை ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் வேகமாகக் கருகியது. ஒருநாள் குனிந்து பார்த்தால் மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தண்ணீர் எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் புல் நிழலும் ஈரமும் நல்ல தண்ணீரும் உள்ள வீட்டுக்கு அருமையான புல். இங்கே அது பிழைக்காது.

அதனால் புல் பார்க்கக் கிளம்பும் முன்னால் உங்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. குடிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிறது. எங்கள் போர் தண்ணீர் 3800 காட்டியது. பின்னால் இருக்கிற பழைய கிணறு, ஆழமே இல்லாதது, அதில் 1100. நம் அப்பத்தாமார் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினார்களே, அதன் சூட்சுமம் இதுதான். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, மணலுக்குள் மேலாக மிதந்து நிற்கும். ஆழமாகத் துளை போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உப்புதான் ஏறி வரும். புல்லுக்காக யாரும் புதிதாகப் போர் போட்டுவிடாதீர்கள். ஆர்ஓ மிஷினில் கழிந்து வருகிற தண்ணீரையும் புல்லில் விடாதீர்கள், உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

சரி, இப்போது புல்லுக்கு வருவோம். கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இந்த மெல்லிய இலை தெரிகிறதா? அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. கடைகளில் பெர்முடா என்று விற்பதும் இதே இனம்தான். நல்ல வெயில் வேண்டும் இதற்கு. உப்பை ஓரளவு தாங்கும், மிதித்தால் தாங்கும், காய்ந்து வைக்கோல் மாதிரி ஆனாலும் ஒரு மழை பட்டால் கணுக்கணுவாக எழுந்துவிடும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அது வெறும் பேச்சில்லை. ஆனால் அந்த வேப்பமரத்தடியைப் பாருங்கள், அங்கே சொட்டை சொட்டையாக இருக்கிறது. நிழலில் அருகு நிற்காது.

அந்த நிழல் ஓரத்தில் படர்ந்திருப்பது புல்லே இல்லை, பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, துவையல் அரைப்போமே, அதேதான். வெட்டவே தேவையில்லை, தரையோடு தரையாக ஓடும். உப்புத் தரையிலும் வரும், கண்மாய் ஓரத்திலும் வரும். இந்தக் குட்டிப் பூவைப் பாருங்கள், குண்டூசித் தலை அளவுதான், வெள்ளையும் ஊதாவும் கலந்து. தேனீ நிறைய வரும். சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடமென்றால் பூக்கிற சமயத்தில் மேலாக ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள். கோடையில் கொஞ்சம் மெலியும், பிறகு தேறிவிடும்.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் ஜாய்சியா வகை கேளுங்கள். உப்பு தாங்கும், மெதுவாக வளரும், அதனால் வெட்டுகிற வேலை குறைவு. ஆனால் அதே காரணத்தால் தரை மூடவும் மாதக்கணக்கில் ஆகும். கடைகளில் கொரியன், மெக்சிகன் என்று பேர் மாறி மாறி வரும், ஒரு கடையில் சொல்லும் பேர் அடுத்த கடையில் வேறு புல்லுக்கு இருக்கும். பேரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள், அடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். அதில் கறுப்பாகக் கோரைக்கிழங்கு இருந்தால் வாங்காதீர்கள், காலத்துக்கும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடல் தண்ணீர் எட்டுகிற மாதிரி இடமென்றால் பாஸ்பாலம் என்று ஒரு புல், கடலோர கோல்ஃப் மைதானங்களில் போடுவார்கள், உப்பில் அதற்கு நிகர் குறைவு. நம் பக்கத்து நர்சரிகளில் நான் பார்க்கவில்லை.

நடுவதற்கு நான் செய்தது இதுதான். அருகங்கொடியை இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி நறுக்கி, சாணிக் கரைசலில் மண்ணோடு பிசைந்து, ஈரத் தரையில் மெழுகின மாதிரி பரப்பி, மேலே லேசாக மண் தூவினேன். பெரிய மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் செய்தேன். ஐப்பசி அடைமழையில் போட்டால் மணலோடு எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். பொங்கலுக்குப் பாதி மூடியது, மாசியில் முழுக்க மூடியது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தினம் தினம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். வாரத்துக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே இறங்குகிற அளவு, சாயங்காலம் விடுங்கள். உப்பும் கீழே போய்விடும். 300 சதுர அடிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் என்றாலே கிட்டத்தட்ட 280 லிட்டர் ஆகிறது, 15 லிட்டர் குடத்தில் பதினெட்டு, பத்தொன்பது குடம். நம் தெருவில் குடிக்கிற தண்ணீருக்காகத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிற அக்காமாரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் புல்லை 300 சதுர அடியோடு நிறுத்திவிட்டேன். உட்கார்கிற இடத்துக்கு மட்டும் புல், மற்றதெல்லாம் மணலும் பனையும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று உப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற நாட்களில் நான் வெட்டுவதே இல்லை, கொஞ்சம் வளர்ந்தே இருக்கட்டும்.

அப்புறம், கடற்கரையில் ராவணன் மீசை என்கிற புல் இருக்கிறதே, முள்ளு முள்ளாக. ஒரு தம்பி அதைப் பிடுங்கிவந்து வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி. மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுவும் அடப்பங்கொடியும்தான்.

மண்ணில் உப்பு ரொம்ப அதிகம் என்று தோன்றினால் ராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பொடுதலைத் துண்டைப் பாருங்கள், இப்போதுதான் கிள்ளினேன். கணுவுக்குக் கீழே வெள்ளையாக நூல் மாதிரி தெரிகிறதா? வேர் விட்டுவிட்டது. இதை வேப்பமரத்தடியில் அந்தச் சொட்டையில் வைக்கிறேன். விரலால் குழி, ஒரு கை தண்ணீர், அவ்வளவுதான்.